பசவன்தொட்டிக்குச் சுத்து வழி

இங்க யாராச்சும் வர்றாங்களா தம்பி? இல்லியா? அப்போ கொஞ்சம் தள்ளிக்குங்க. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

மலைக்கா? மாதேஸ்வரன் மலைக்கா? நல்லது, அமாவாசை கூட்டத்துக்கு முந்தியே போறீங்க, நின்னு கும்புடலாம். நான் அவ்ளோ தூரம் வரல. பாலாறு செக்போஸ்ட் தாண்டிப் புங்கமரத்துப் பிரிவுன்னு ஒரு ஸ்டாப்பு. அங்க எறங்கி ஆறு கிலோமீட்டர் உள்ள போவணும். பசவன்தொட்டின்னு ஊரு. காவேரிக் கரையில இருக்குது.

சாவுக்குப் போறேன்.

அட, நீங்க ஒண்ணும் மூஞ்சியை அப்பிடி வச்சுக்க வேணாம். எனக்கு ஒரு துக்கமும் இல்ல. செத்தவன் எனக்கு வேண்டியவனும் இல்ல. சிக்கண்ணன்னு பேரு. முப்பத்தஞ்சு வருசமா எனக்கு எதிர்க்கரைக்காரன். இன்னைக்கு விடியக்காலைல போயிட்டானாம். என் பொண்டாட்டி அங்கதான் இருக்கா. மூணு நாளா அங்கதான் இருக்கா. நான் அழறதுக்குப் போகல தம்பி. அவ எவ்ளோ அழறான்னு பாக்கறதுக்குப் போறேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. முழுசாக் கேட்டா சிரிக்க மாட்டீங்க.

என் பேரு மாதப்பன். எருமைப்பாறைத் துறையில பரிசல் ஓட்டறேன். எங்க துறையில நின்னு பாத்தா எதுக்க பசவன்தொட்டி தெரியும். வீடு தெரியும், மாடு தெரியும், கயித்துல காயற துணி தெரியும். துடுப்பு போட்டா ஒரு பீடி புடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தாண்ட போயிருவேன். நடுவுல ஓடற காவேரிதான் எல்லை. இந்தாண்ட தமிழ்நாடு, அந்தாண்ட கர்நாடகா. ஊர் பாக்க வர்றவங்க பரிசல்ல உக்காந்துக்கிட்டு, "எல்லை எங்கங்க வருது?"ன்னு கேப்பாங்க. நானும் நடு ஆத்துல துடுப்பை நிறுத்தி, "இதோ வந்துருச்சு"ம்பேன். போட்டோ எடுத்துக்குவாங்க. தண்ணியைத்தான் எடுப்பாங்க, வேற என்ன இருக்குது அங்க.

ஆனா வெள்ளம் வந்தா பரிசல் ஓட்டத் தடை. போலீஸ் வந்து நின்னுக்கும். அப்போ அந்தாண்ட போவணும்னா இப்பிடித்தான். பென்னாகரம் வந்து, மேட்டூர் வந்து, இந்த பஸ்ஸைப் புடிச்சு, ஆத்தை ஒரு சுத்து சுத்திக்கிட்டுப் பின்பக்கமாப் போய்ச் சேரணும். காலைல கெளம்பினா சாயங்காலம். ஒரு பீடித் தூரத்துக்கு ஒரு பகல்.

என் வீட்டுக்காரி கெம்பம்மா பசவன்தொட்டிப் பொண்ணு. அவ அம்மாவோட கூடப் பொறந்த அண்ணன் மகன்தான் இந்தச் சிக்கண்ணன். அப்போ கெம்பாவுக்கு மாமன் மகன். முறை மாப்பிள்ளை. அவனுக்குன்னே வச்சிருந்த பொண்ணு தம்பி. ஆனா அவ என்னைத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. இது பொய் இல்ல, ஊருக்கே தெரியும். அவனும் பரிசல்காரன், நானும் பரிசல்காரன். அவன் என்னை விட ஒசரம். என்னை விடச் செவப்பு. அப்பிடியிருந்தும் என்னைத்தான் கட்டிக்கிட்டா.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. "அவ இஷ்டம்"னுட்டான். அதோட விட்டானா? கல்யாணத்தன்னைக்குப் பொண்ணை அவனே அவன் பரிசல்ல வச்சு எங்க கரைக்குக் கொண்டாந்து விட்டான். பரிசலுக்கு மாவெலை கட்டி, சாமந்திப் பூ சுத்தி. எங்க ஊரே கரையில நின்னு பாத்துச்சு. "என்ன மனசுடா அவனுக்கு"ன்னு எங்க பெரியப்பன் மகன் சொன்னான். என் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொன்னான். என் கல்யாணத்துல என்னைப் பத்தி ஒருத்தன் பேசல தம்பி.

பொறாமைன்னு நினைக்காதீங்க. எனக்கு அந்தப் புத்தியே கெடையாது. எங்க துறையில யாரை வேணா கேளுங்க. நான் கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். அவன் ஏன் கல்யாணம் பண்ணிக்கல? நல்ல ஒடம்பு, நல்ல தொழிலு. கெம்பாகிட்டயே கேட்டேன். "அவருக்குப் பொண்ணு அமையல"ன்னா. அமையலியா, தேடலியா? எந்திரிச்சுப் போயி மாவு ஆட்ட உக்காந்துட்டா.

ஆத்துல துணி தொவைக்கும்போது பாருங்க. எல்லாப் பொம்பளையும் தண்ணியைப் பாத்துத்தான் தொவைப்பாங்க. தண்ணிக்கு அந்தாண்ட யாரு? அவன். அதனால தொவைக்கற கல்லைத் திருப்பிப் போட்டேன். கரையைப் பாத்துத் தொவைக்கற மாதிரி. பெரிய கல்லு, நாலு ஆள் வச்சுத் திருப்பினேன். "முதுகு வலிக்குது, தண்ணி எட்ட மாட்டேங்குது"ன்னு சொன்னா. ஆனா ஒரு நாளும் பழையபடி திருப்பிப் போடச் சொல்லல. ஏன்னா நான் செஞ்சது ஞாயம்னு அவளுக்கே தெரியும்.

சரி. அந்த ஆடி மாசத்துக்கு வர்றேன். இருபத்திரண்டு வருசம் ஆவுது.

மாமியாருக்கு மேலுக்கு முடியலன்னு சேதி வந்துச்சு. கெம்பா ஒரே பொண்ணு, கூடப் பொறந்தவன் யாரும் இல்ல. கெழவிக்குக் கஞ்சி காச்சி ஊத்தினதெல்லாம் சிக்கண்ணன்தான். அத்தைன்னா அவனுக்கு உசுருன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். அத்தையைப் பாத்துக்கிட்டா அத்தை மக நெனப்புல இருப்பாளா இல்லையா? நான் சொல்றதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க.

எங்க மக பவுனுக்கு அப்போ ஆறு வயசு. ரெண்டு பேரையும் நானே கொண்டு போயி அந்தாண்ட விட்டேன். "நீங்களும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க, அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்குதாம்"னா கெம்பா. வந்திருப்பேன். கரை மேல அவன் நின்னுக்கிட்டிருந்தான், புள்ளையைத் தூக்கறதுக்குக் கையை நீட்டிக்கிட்டு. "அப்புறம் வர்றேன்"னு அப்பிடியே பரிசலைத் திருப்பிட்டேன்.

மூணாம் நாளு மேல இருக்கற அணையில தொறந்து விட்டுட்டாங்க. செந்தண்ணி. மரம் வருது, செத்த ஆடு வருது, ஒரு கூரையே வருது. பரிசலையெல்லாம் மேட்டுல கவுத்துப் போடச் சொல்லிட்டாங்க. அவ அந்தாண்ட, நான் இந்தாண்ட.

எனக்கு வேலை இல்ல. பாறை மேல உக்காந்து அந்தாண்டயே பாத்துக்கிட்டிருந்தேன். மாமியார் வீடும் அவன் வீடும் ஒட்டினாப்புல. நடுவுல ஒரு கயிறு கட்டியிருப்பாங்க. அதுல என் பொண்டாட்டி மஞ்சப் பொடவையும் அவன் வேட்டியும் காயுது. ஒரே கயித்துல தம்பி. பக்கத்துப் பக்கத்துல. காத்தடிச்சா ரெண்டும் உரசுது. நான் என்னத்தப் பண்ண? எந்திரிச்சுப் போகவும் முடியல.

அப்போ செல்போன் ஏது. பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு போன். கிளர்க்கு ஓடியாந்தாரு. "மாதப்பா, அந்தாண்டயிருந்து சிக்கண்ணன் பேசினாரு, உன் வீட்டுக்காரி லைன்ல இருக்குது, ஓடியா"ன்னாரு. யாரு பேசினது? சிக்கண்ணன். என் பொண்டாட்டிகிட்டப் பேசறதுக்கு அவன் போன் போட்டுத் தரணுமா? போகல. மறுபடியும் வந்தாரு. "கெழவி ரொம்ப மோசமா இருக்குதாம். உன்னைப் பாக்கணும்னு அடம் புடிக்குதாம். சுத்து வழியா பஸ் புடிச்சு வரச் சொல்றாங்க"ன்னாரு.

பொண்டாட்டியைத் தேடிக்கிட்டு எவனாச்சும் ஒரு பகல் பூரா பஸ்ஸுல போவானா? நீங்களே சொல்லுங்க. இப்போ போறேனேன்னு கேக்காதீங்க. இப்போ வயசாயிருச்சு. அப்போ எனக்குன்னு ஒரு மரியாதை இருந்துச்சு.

ஒம்பதாம் நாளு அந்தாண்ட மேளச் சத்தம். பம்பையும் தப்பட்டையும் போட்டு அடிக்கறாங்க. தண்ணி எரைச்சலுக்கு மேல காத்துல வந்து வந்து போவுது. ஆடி மாசமாச்சே, மாரியம்மனுக்குக் கூழு ஊத்தறாங்கன்னு நெனச்சேன். எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் இங்க தனியாச் சோறு பொங்கித் தின்னுக்கிட்டுக் கெடக்கேன், அங்க திருவிழா.

கொஞ்ச நேரத்துல அவ கரைக்கு வந்தா. கூட அவன். கையைத் தூக்கித் தூக்கி ஆட்டறா. வாயைத் தொறந்து கத்தற மாதிரி இருக்குது, ஒண்ணும் கேக்கல. அப்புறம் அவன் சைகை காட்டறான். ரெண்டு கையையும் சேத்து வச்சு, தலையைச் சாச்சு, கன்னத்துல வச்சுக் காட்டறான். தூங்கறாப்புல. என்னை என்ன சொல்றான்? நீ போய்த் தூங்குடாங்கறானா? அவ பக்கத்துல நின்னு குனியறா, நிமிர்றா, மாரைப் புடிச்சுக்கறா. சிரிக்கறான்னுதான் நெனச்சேன். அவ்ளோ தூரத்துல அழறதும் சிரிக்கறதும் ஒண்ணாத்தான் தம்பி தெரியும். நீங்க இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பீங்க.

நான் முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். திரும்பிப் பாத்தப்போ கரையில யாரும் இல்ல.

அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. போன் ஒயரு வேற காத்துல அறுந்து போச்சு. பதினோராம் நாளு, போலீஸ்காரங்க டீ குடிக்கப் போன நேரமாப் பாத்து, பரிசலைத் தூக்கித் தண்ணில போட்டுட்டேன். எதுக்குன்னு கேக்கறீங்களா? அவளைக் கையும் களவுமாப் புடிக்கறதுக்கு.

பாதி ஆறு நல்லாத்தான் போனேன். அந்தத் தண்ணில பாதி ஆறு போனவன் எங்க துறையில நான் ஒருத்தன்தான், அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நடுவுல ஒரு சுழி. ஆனைச்சுழிம்போம். பரிசலைப் புடிச்சு ராட்டினமாச் சுத்திருச்சு. துடுப்பு கையை விட்டுப் போயிருச்சு. ஒரு மரம் வந்து மோதினது தெரியும். அப்புறம் தண்ணி, தண்ணி, ஒரே தண்ணி.

சிக்கண்ணன் அவன் பரிசலை எடுத்துக்கிட்டு வந்துட்டான். யாரு வரச் சொன்னா? நான் நீந்திக் கரை ஏறியிருப்பேன். சின்னப் புள்ளையில இருந்து அந்தத் தண்ணில கெடக்கறவன். கொஞ்சம் மயக்கமா இருந்துச்சு, அவ்ளோதான். அவன் அவசரப்பட்டுட்டான். என் தலைமுடியைப் புடிச்சு இழுத்து அவன் பரிசல்ல போட்டானாம். கரைக்கிட்ட வரும்போது பாறைக்கும் பரிசலுக்கும் நடுவுல அவன் வலது கை மாட்டிக்கிச்சு. தோள்பட்டை நொறுங்கிப் போச்சு. கை வெறைச்சு நின்னுருச்சு அப்புறம். துடுப்பு புடிக்க முடியல. நான் அந்தச் சமயத்துல கண்ணு முழிச்சிருந்தா, "கையை எடு"ன்னு சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாதே.

கண்ணைத் தொறந்து பாத்தா, அவன் வீடு, அவன் பாயி. என் இடுப்புல அவன் வேட்டி. என் மக பவுனு கதவோரமா நின்னு பாக்குது. "வாடி அப்பாகிட்ட"ங்கறேன், வர மாட்டேங்குது. "பெரியப்பாவுக்குக் கை போச்சு, பெரியப்பாவுக்குக் கை போச்சு"ன்னு தேம்பித் தேம்பி அழுவுது. அப்பன் சாவப் பொழைக்கக் கெடக்கேன், அது பெரியப்பாவுக்கு அழுவுது. முறைப்படி அப்பிடித்தான் கூப்பிடணும்னு வச்சுக்குங்க. ஆனாலும் அந்தப் பேருக்குள்ளயே அப்பான்னு ஒரு வார்த்தை இருக்குதா இல்லையா? அது எனக்கு எப்பிடி இருக்கும்?

கெம்பா கஞ்சி கொண்டாந்தா. நான் கேட்டேன், "திருவிழாவெல்லாம் முடிஞ்சுதா?"ன்னு.

அவ என்னையே பாத்தா. "எந்தத் திருவிழா?"

"அன்னைக்கு மேளம் அடிச்சாங்களே."

"அது எங்கம்மாவைத் தூக்கினது"ன்னா. சத்தம் வரல அவளுக்கு, காத்துதான் வருது. "அம்மா போயி ரெண்டு நாளாச்சு. கடைசி வரைக்கும் மாப்பிள்ளை வந்துட்டாரான்னு கேட்டுச்சு. கரைக்கு வந்து கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு. அவரு சைகை காட்டினாரு. நீங்க திரும்பி உக்காந்துட்டீங்க."

எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி? தண்ணி எரைச்சல். அவ்ளோ தூரம். சாவுன்னா ஒரு வெள்ளைத் துணியாச்சும் தூக்கிக் காட்டியிருக்கணுமா இல்லையா? அந்த அறிவு யாருக்காச்சும் இருந்துச்சா?

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன் அவளை. "நீ அழறப்போ அவன் தோள்ல சாஞ்சு அழுதியா?"ன்னு கேட்டேன். புருசன் கேக்கலாம். அது சாதாரணக் கேள்வி. "இல்ல"ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு வெளிய போயிட்டா.

வீட்டுக்கு இந்தச் சுத்து வழியாத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். அவ முன்னாடி பொம்பளைங்க சீட்டுல, நான் பின்னாடி. மேட்டூர் வரைக்கும் அவ கொண்டையைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். ஒரு தடவை கூடத் திரும்பல. பத்து நாளு கழிச்சு, "சோறு ஆறுது"ன்னா. அதுதான் மொத வார்த்தை.

இதோ பாலாறு வந்துருச்சு பாருங்க. செக்போஸ்ட். இந்தச் சின்ன ஆறும் எல்லைதான் தம்பி. இந்தத் தலை நம்ம ஸ்டேட்டு, அந்தத் தலை அவங்க ஸ்டேட்டு. ஆனா இதுக்குப் பாலம் போட்டுட்டாங்க. ரெண்டு நிமிசம், தாண்டியாச்சு. எங்க ஆத்துக்குப் பாலம் போடறேன்னு ரெண்டு தடவை அளந்துட்டுப் போனாங்க. போடாம இருக்கறதே நல்லதுன்னு நான் நெனச்சுக்குவேன். பாலம் இருந்தா இன்னும் எத்தனை தடவை போயிருப்பாளோ.

போகல, சொல்றேன். அந்த வருசத்துக்கு அப்புறம் அவ பசவன்தொட்டிப் பக்கம் கால் வைக்கல. நான் போவாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. "போயிட்டு வர்றியா?"ன்னு நானே கேப்பேன். "யாரைப் பாக்கப் போறே?"ன்னும் கேப்பேன். ரெண்டும் கேக்கறதுதானே மொறை. அவளாத்தான் போகல. பவுனு கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வைக்கணும்னா. "வையி, யாரு வேணாங்கறா, நீயே போய் வையி"ன்னேன். அதுக்கும் போகல. பவுனு வேலை பாத்த திருப்பூர்ல இருந்து அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லிச்சாம். அதுகிட்ட அவன் நம்பரு இருந்திருக்குது பாருங்க. எனக்குத் தெரியாம.

அவன் என்ன பண்ணினான் தெரியுமா? கை போனவன் வீட்டுல கெடக்கணும்ல? தெனமும் கரைக்கு வந்து உக்காந்துக்குவான். அந்தாண்டயிருந்து இங்க வர்ற சனங்களையெல்லாம், "மாதப்பன் பரிசல் வர்ற வரைக்கும் இருங்க, பத்திரமாக் கொண்டு போய் விடுவான்"னு சொல்லி உக்கார வைப்பானாம். எனக்கு ஆளு புடிச்சுத் தர்றானாம். எதுக்கு? என் பொழப்பே அவன் போட்டதுன்னு நாளைக்கு ஊரு சொல்லணும், அதுக்கு. நான் அவன் மூஞ்சியைப் பாக்காமத்தான் ஆளை ஏத்துவேன். "என்ன மாதப்பா, சவுக்கியமா?"ம்பான். இருபது வருசம் கேட்டான். நான் பதில் சொன்னதில்ல. ஒரு தடவை இருமினேன், அதைப் பதில்னு எடுத்துக்கிட்டு, "சளியா? தூதுவளை ரசம் வச்சுக் குடி"ங்கறான். அப்பிடிப்பட்ட ஆளு.

போன வாரம் படுத்துட்டான்னு சேதி வந்துச்சு. மூணு நாளைக்கு முந்தி காலைல, நான் துறையில துடுப்பைச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். கெம்பா வந்து நின்னா.

"அவருக்கு ரொம்ப முடியலியாம். உங்களைப் பாக்கணும்ங்கறாராம். வாங்க, போயிட்டு வந்துரலாம்."

"என்னை எதுக்குப் பாக்கணும்? உன்னைப் பாக்கணும்னு சொல்லியிருப்பான். நீ போ"ன்னேன்.

"உங்களைத்தான்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

"எனக்கு வேலை இருக்குது."

வேலை ஒண்ணும் இல்ல. தண்ணியும் அன்னைக்குப் பளிங்கு மாதிரி இருந்துச்சு. போயிருக்கலாம்தான். ஆனா இத்தனை வருசமாப் போவாதவன், அவன் ஒரு வார்த்தை சொன்னதும் ஓடினா நல்லாவா இருக்கும்?

அவ வீட்டுக்குப் போயிப் பையைத் தூக்கிக்கிட்டு வந்தா. என் கையில இருந்த துடுப்பைப் புடுங்கினா தம்பி. பரிசலைத் தண்ணில தள்ளி, ஏறி, முட்டி போட்டு உக்காந்து, துடுப்பு போட்டுக்கிட்டுப் போயிட்டா. தனியா. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறேன். கோணல் இல்ல, சுத்தல் இல்ல, நூல் புடிச்ச மாதிரி போறா. எங்க துறையில இருக்கற வயசுப் பசங்களுக்கு அந்த நேர் வராது. அவளுக்குத் துடுப்பு போடத் தெரியும்னு முப்பத்தஞ்சு வருசமா எனக்குத் தெரியாது! நான் யோசிச்சேன். அந்தாண்ட இருக்கும்போது கத்துக்கிட்டிருக்கா. யாரு கத்துக் குடுத்தது? வேற யாரு? ஒரு தடவையாச்சும் என்கிட்டச் சொன்னாளா?

நீங்க கேக்கறது சரிதான். நான் ஒரு தடவையும் கேக்கலதான்.

அன்னைக்குச் சாயங்காலமே தண்ணி ஏறிருச்சு. மறுபடி தடை. இன்னைக்கு விடியக்காலைல போன் பண்ணினா. "போயிட்டாரு"ன்னா. நான், "ம்"னேன். வாங்கன்னு சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. வெச்சுட்டா. நான் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

பொடவை எடுத்துக்கிட்டுப் போயிருக்காளான்னு அலமாரியைத் தொறந்து பாத்தேன் வரும்போது. ஒண்ணு கூட இல்ல. இருந்த அஞ்சு பொடவையையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. பவுனு வாங்கிக் குடுத்த சுவெட்டரு கூட இல்ல. நோயாளியைப் பாக்கப் போறவளுக்கு எதுக்கு அஞ்சு பொடவை? மழைக்காலம். தொவைச்சாக் காயாது. அதுக்காகத்தான் இருக்கும்.

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. காலைல இருந்து போட்டுக்கிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கறா. அந்தப் பக்கம் டவர் இல்ல போலருக்குது. உங்க போன்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. நம்பரு இதோ, இந்தச் சீட்டுல இருக்குது. சத்தமா வையுங்க, எனக்கு ஒரு காது மந்தம்.

போவுதா? மணி அடிக்குதா? அட, எடுத்துட்டாளே!

அலோ... நான்தான். நான்தான் கெம்பா, மாதப்பன். இது பஸ்ஸுல பக்கத்துல ஒரு தம்பி போனு... பஸ்ஸுல இருக்கேன்... ஆமா, சுத்து வழியாத்தான். பாலாறு தாண்டியாச்சு... என்னது?... யாரு சொன்னது?... நானா?... ம்... ம்... சரி, வர்றேன். வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்... கெம்பா, இரு, வெச்சிராதே. நீ எப்போ வூட்டுக்கு வர்றே?... என்னது?... அலோ?... அலோ?

வெச்சுட்டா.

கேட்டீங்களா தம்பி அவ சொன்னதை? இன்னும் எடுக்கலியாம். எனக்காகத்தான் பொணத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களாம். அத்தை மக புருசன்ங்கற மொறையில அவனுக்கு அண்ணன் தம்பின்னு நான் ஒருத்தன்தான் இருக்கேனாம். நான்தான் கொள்ளி வைக்கணும்னு சொல்லிட்டுச் செத்திருக்கான். அதைக் கேக்கறதுக்குத்தான் அன்னைக்கு என்னைக் கூப்பிட்டானாம். நான் வரமாட்டேன்னு எல்லாரும் சொன்னாங்களாம். "வருவான், இருங்க"ன்னானாம்.

பாத்தீங்களா? இவன் வேலையைப் பாத்தீங்களா? கடைசில கூட நல்லவன்ங்கற பேரை அவனே எடுத்துக்கிட்டான். நான் வைக்கலன்னா நான் கெட்டவன். வச்சாலும் அவனைத்தான் பேசுவாங்க. ஒரு மனுசனை இப்பிடியா தோக்கடிக்கறது?

மொட்டை அடிக்கணும். அதுக்கு ஆளு வச்சிருப்பாங்களா தெரியல. வேட்டி ஒண்ணு எடுத்தாந்திருக்கலாம்.

அது போவட்டும். கடைசியா ஒண்ணு சொன்னாளே, அது உங்க காதுல சரியா விழுந்துச்சா? எப்போ வர்றேன்னு கேட்டதுக்கு, "தண்ணி வடியட்டும்"னா. அப்பிடித்தானே சொன்னா? "தண்ணி வடியட்டும், பாக்கலாம்"னாளா, வெறும் "வடியட்டும்"னாளா?

தண்ணி வடிஞ்சதும் வந்துருவேன்னுதானே அதுக்கு அர்த்தம்? வேற எப்பிடியும் அதை எடுத்துக்க முடியாதில்ல?

என்ன தம்பி, ஜன்னலுக்கு வெளிய பாக்கறீங்க?

கண்டக்டரே, புங்கமரத்துப் பிரிவு! நிறுத்துங்க, எறங்கணும்! கொஞ்சம் இருங்கப்பா, எனக்காக அங்க ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க.